நைசீயா அக்காவைத் தேடி

பாடகர் குழுவில் என்னைச் சேர்த்தபோது வயது 11. கொயர் மாஸ்டர் கையில் கொடுத்த ட்யூன் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். மெலிட்டா. ஆரேலியா. நைசீயா. எல்லாம் பெண்களின் பெயர் என்றே நினைத்துக்கொண்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே ஒரு மெலிட்டா அக்கா இருந்தார், அதனால் சந்தேகம் வரவில்லை. பெயருக்குப் பக்கத்தில் 11.12.12.10 என்று எண்கள் வேறு. நைசீயா அக்காவின் பிறந்த தேதி என்று வைத்துக்கொள்ளலாமென்றால் 12-ஆவது மாதத்துக்கு அப்புறம் இன்னொரு 12 வந்து குழப்பியது.

அந்த எண்கள் அசைக்கணக்கு என்று தெரிய நாலைந்து வருடம் ஆனது. முதல் அடியில் 11 அசை, அடுத்த இரண்டிலும் 12, கடைசியில் 10. (நேர், நிரை என்று நம் யாப்பில் பிரிக்கிற அசை இல்லை இது. வாய் திறந்து உச்சரிக்கிற ஒலித்துண்டு ஒவ்வொன்றும் ஓர் எண்ணிக்கை.) இங்கிலாந்துத் திருச்சபை வழக்கில் வார்த்தை வேறு, மெட்டு வேறு. அசைக்கணக்கு பொருந்தினால் எந்தப் பாட்டையும் எந்த மெட்டிலும் ஏற்றலாம், இறக்கலாம். அப்படி இடம் மாறித் திரிகிற மெட்டை அடையாளம் சொல்ல அதற்கென்று ஒரு பெயர் வேண்டுமே? நம் பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று தலைப்பில் போடுவார்கள் இல்லையா, ஏறக்குறைய அதுதான். நாம் தாய்ப்பாட்டின் பெயரைச் சொன்னோம், அவர்கள் மெட்டுக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள்.

மெலிட்டா என்பது மால்டா தீவு. வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுலின் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய இடம். கடலில் ஆபத்தில் இருப்பவர்களுக்கான பாட்டுக்கு அந்தப் பெயர். நைசீயா இன்றைய துருக்கியில் இருக்கிற ஊர். கி.பி. 325-ல் பேராயர்கள் கூடி, குமாரனும் பிதாவும் ஒரே தன்மை உடையவர்கள் என்று விசுவாசப் பிரமாணம் எழுதிய ஊர், தமிழ்ச் சபை வழக்கில் நிசேயா. இரண்டு மெட்டும் ஒரே ஆள் போட்டது: ஜான் பாக்கஸ் டைக்ஸ். நைசீயாவில் பாடுகிற பாட்டு, தமிழ்ச் சபைகளில் வளர்ந்த எவருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்: 'தூய, தூய, தூயா! சர்வவல்ல நாதா!'

பாட்டின் ஆங்கில மூலத்தை எழுதியவர் ரெஜினால்ட் ஹீபர். திருச்சிக்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தூர் பக்கம் போகிற பஸ்ஸில் 'ஹீபர் காலேஜ் இறங்கு' என்று கண்டக்டர் கத்துவதைக் கேட்டவர்கள்தானே எல்லாரும். அந்தக் கல்லூரி 1966-ல் வந்தது. ஆனால் அந்த மனிதர் திருச்சியில் இருந்தது மொத்தமே மூன்று நாள்தான்.

1783-ல் பிறந்த ஹீபர், 1807 முதல் ஷ்ராப்ஷயரில் ஹாட்னெட் என்ற கிராமத்தில் போதகராக இருந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்துத் திருச்சபையில் சங்கீதங்களை யாப்பில் கட்டிப் பாடுவதுதான் மரியாதை. புதிதாகப் பாட்டெழுதிப் பாடுவது மெதடிஸ்டுகள் வேலை என்று முகம் சுளிப்பார்கள். ஹீபருக்கு அதில் ஒப்புதல் இல்லை. திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும், அன்று வாசிக்கும் வேதபாகத்துக்குப் பொருந்த ஒரு பாட்டு என்று வரிசையாகத் தொகுக்க ஆரம்பித்தார். 1820-ல் லண்டன் பேராயரிடம் ஒப்புதல் கேட்டார், அதிகாரபூர்வமாகக் கிடைக்கவில்லை. கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. அதில் திரித்துவ ஞாயிறுக்கு (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை நினைக்கிற நாள்) எழுதிய பாட்டுத்தான் இது. ஏசாயா 6-லும் வெளிப்படுத்தின விசேஷம் 4-லும் வருகிற 'பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்' என்ற முழக்கத்தை எடுத்துக்கொண்டு நாலு சரணம்.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் அந்தச் சரணங்களை ஒருமுறை மெல்ல வாசித்துப் பாருங்கள். 16 அடி. அத்தனையும் 'ஈ' ஓசையில் போய் நிற்கும். நம் யாப்பில் இயைபு என்போமே, அதை ஒரே ஓசையில் 16 அடிக்கும் இழுத்திருக்கிறார். 'ஹோலி' என்ற முதல் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு முழுப் பாட்டும் ஓடுகிறது. கெட்டிக்காரத்தனம் என்று தெரியாதபடி செய்த கெட்டிக்காரத்தனம்.

எல்லாமே இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். 1819-ல் மிஷன் வேலைக்காக எழுதிய இன்னொரு பாட்டில், இலங்கைத் தீவில் காற்றெல்லாம் மணக்கிறது, காட்சியெல்லாம் இனிக்கிறது, மனிதன் மட்டும்தான் இழிந்தவன் என்று ஒரு வரி வரும். அப்போது அவர் இந்தப் பக்கம் கால் வைத்ததே கிடையாது. காந்தி அந்த வரியைக் கண்டித்துப் பேசியிருக்கிறார். பின்னாளில் பல பாட்டுப் புத்தகங்கள் அந்தப் பாட்டையே சத்தமில்லாமல் இறக்கிவிட்டன. சரியான வேலை. ஒரே பேனாவில் இரண்டும் வந்தது என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

1823-ல் ஹீபர் கல்கத்தாவின் பேராயர் ஆனார். அந்தப் பேராயத்துக்குள் இந்தியா முழுதும் அடக்கம், இலங்கை அடக்கம், ஆஸ்திரேலியாகூட அடக்கம். 1826 தொடக்கத்தில் தெற்கே சுற்றுப்பயணம் வந்தார். ஈஸ்டர் தஞ்சாவூரில், மார்ச் 26. ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த சரபோஜி மன்னரையும் பார்த்தார். பிறகு திருச்சி. ஏப்ரல் 2 ஞாயிறு, புனித யோவான் ஆலயத்தில் பிரசங்கம். மறுநாள் காலையில் கோட்டைக்குள் இருந்த தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை. முடித்து, தங்கியிருந்த வீட்டுக்கு வந்து, வெயிலுக்கு அங்கிருந்த குளியல் தொட்டியில் இறங்கினார். தொட்டி என்றால் வாளி முங்குகிற தொட்டி இல்லை, ஆள் நீந்துகிற அளவு. வெகுநேரம் சத்தமில்லையே என்று வேலைக்காரர் போய்ப் பார்த்தபோது உயிர் போயிருந்தது. வயது 42. புனித யோவான் ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மறுவருடம், 1827-ல், மனைவி அமீலியா பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். மனிதர் உயிரோடு இருந்தபோது கிடைக்காத அங்கீகாரம் செத்தபிறகு தாராளமாகக் கிடைத்தது. ஆனால் இந்தப் பாட்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. 11.12.12.10 என்பது ஊரில் இல்லாத அளவு. இங்கிலாந்தில் மெட்டுகள் பெரும்பாலும் 8.6.8.6, 8.8.8.8 என்று ரெடிமேட் சட்டை அளவில் கிடைக்கும். இந்தப் பாட்டுக்கு எந்தச் சட்டையும் போடமுடியாது, அளவெடுத்துத்தான் தைக்கவேண்டும். சிலர் தைத்தும் பார்த்தார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை.

டைக்ஸ் 1823 மார்ச்சில் ஹல் நகரத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். 1849-ல் டர்ஹம் பேராலயத்தில் பாடகர் குழுவை நடத்தும் பொறுப்பு. 1862-ல் அதே ஊரில் புனித ஆஸ்வால்ட் ஆலயத்துக்குப் போதகர். தொழிலால் பாதிரியார், மெட்டுப்போடுவது உபரி. அந்த உபரியில் 300 மெட்டு.

1860-ல் இங்கிலாந்தில் ஒரு புதுப் பாட்டுப் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. 'ஹிம்ஸ் ஏன்ஷியண்ட் அண்ட் மாடர்ன்', அதாவது பழைய பாட்டும் புதுப் பாட்டும். ஹென்றி வில்லியம்ஸ் பேக்கர் என்ற போதகர் முன்னின்றார், இசைக்கு ஆசிரியர் வில்லியம் ஹென்றி மங்க். அந்த அக்டோபரில் டைக்ஸ், எடுத்தால் எடுங்கள் என்கிற மாதிரி, மங்குக்குச் சில மெட்டுகளை அனுப்பினார். ஏழு மெட்டு ஏறிவிட்டது. நைசீயா, மெலிட்டா இரண்டும் அந்த ஏழில் அடக்கம். ஒரு தபாலில் இப்படி ஓர் அறுவடை எந்த ஆசிரியருக்கும் கிடைத்திருக்காது.

1861-ல் புத்தகம் வந்தது, 273 பாட்டு. அதன் பெரிய புரட்சி இசையில்கூட இல்லை, அச்சில் இருந்தது என்பேன். ஒரு பாட்டுக்கு ஒரு மெட்டு என்று ஜோடி சேர்த்து ஒரே பக்கத்தில் அடித்துவிட்டார்கள். அதுவரை வார்த்தைப் புத்தகம் ஒரு கையில், மெட்டுப் புத்தகம் ஆர்கன்காரர் மேசையில். எந்தப் பாட்டுக்கு எந்த மெட்டு என்பது ஊருக்கு ஊர் ஆளுக்கு ஆள். இந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்று, கப்பலேறி மிஷன் ஊர்களுக்கெல்லாம் போனதும், ஜோடிகள் பிரிக்கமுடியாமல் இறுகிவிட்டன. எழுதியவர், மெட்டுப்போட்டவர் இருவர் பெயரையும் அச்சிடுகிறோம். இன்னார்க்கு இன்னார் என்று சேர்த்துவைத்த பதிப்பாசிரியரைத்தான் யாரும் நினைப்பதில்லை, கல்யாணத் தரகருக்குப் பந்தியில் கடைசி இலை என்பதுபோல.

சரி, மெட்டுக்கு வருகிறேன். எங்கள் கொயரில் பாதிப்பேருக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறி) வராது, சொல்ஃபாதான். டோ டோ மீ மீ சோ சோ. இதையே நம் சுரத்தில் சொன்னால் ஸ ஸ க க ப ப. அடுத்து த த த ப க. மோகனம் பாட உட்கார்ந்த மாதிரி இருக்கும் முதல் அடி. இரண்டாவது அடியில் மேல் ஸட்ஜமத்தைத் தொட்டுவிட்டு நிஷாதத்தில் இறங்கும்போது மோகனம் கலைந்துவிடும். பள்ளியில் பாட்டு வாத்தியாரிடம் இதைச் சொல்லப்போய், 'அதுக்கும் இதுக்கும் முடிச்சு போடாதே' என்று வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

ஸ, க, ப என்று மூன்று சுரம் ஏறி ஒரே கார்டாக (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டாக) நிற்பது திரித்துவத்தின் குறி என்று விளக்கம் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உலகத்து எக்காளம் பாதி அந்த மூன்று சுரத்தில்தானே ஊதுகிறது? 1599-ல் வந்த நிக்கொலாயின் ஜெர்மன் மெட்டு ஒன்றும் (இசைமேதை பாக் எடுத்துக் கையாண்டது) ஸ-க-ப ஏறி, த தொட்டு வருவதுதான். டைக்ஸ் பெயர்வைத்த விதத்தைப் பார்த்தால் அவர் மனதில் மூவர் இருந்தது நிச்சயம். சுரத்தில் இருந்ததா என்று சத்தியம் பண்ண நான் தயாரில்லை.

எனக்கு இந்த மெட்டில் பிடித்தது வேறு. மொத்தப் பாட்டும் ஒரே ஸ்தாயிக்குள் முடிந்துவிடுகிறது. கீழ் ஸட்ஜமத்தில் தொடங்கி, மேல் ஸட்ஜமம் வரை போய், தொடங்கிய இடத்துக்கே வந்து உட்காரும். பேஸ் குரல் தாத்தாவும் பாடலாம், ஞாயிறு பள்ளிப் பிள்ளையும் பாடலாம். டைக்ஸின் வேறு சில மெட்டுகள் நாலு குரலும் சேர்ந்தால்தான் உயிர் பெறும். நடுக்குரல்கள் அரைச்சுரம் அரைச்சுரமாக நெளிந்து நெளிந்து நகரும். ஆர்கன் இல்லாத கிராமத்துச் சபையில் அது எடுபடாது. நைசீயாவைக் கரண்ட் போன ராத்திரியில் கைதட்டக்கூட ஆளில்லாமல் பாடினாலும் நிற்கும்.

இப்போது தமிழ்ப் பாட்டு. இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

'தூய, தூய, தூயா.' ஏன் மூன்றாவது மட்டும் 'தூயா'? விளி என்று இலக்கணம் சொல்லலாம். மெட்டைப் பாருங்கள். முதல் நாலு சுரமும் ஒவ்வொரு எண்ணிக்கை. மூன்றாவது சொல் வரும்போது 'ப ப' இரண்டும் இரண்டிரண்டு எண்ணிக்கை நீளம். குறில் 'ய' அங்கே நின்றால் இழுபடும். நெடில் 'யா' வைத்தார், சுரம் முழுதும் நிறைந்துவிட்டது. அடுத்து, 'சர்வவல்ல நாதா' ஆறு அசை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஐந்துதான். ஒன்று கூடிவிட்டதே என்றால், ஹீபரின் மூன்றாவது அடியில் அதே மெட்டுக்கு ஆறு அசை இருக்கிறது, டைக்ஸும் அங்கே நீளச் சுரத்தை உடைத்துப் போட்டிருக்கிறார். தமிழில் எழுதியவர் அந்த உடைந்த வடிவத்தையே முதல் அடிக்கும் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது அடி இன்னும் மேலே. 'தேவரீர்க்கெந்நாளும் சங்கீதம் ஏறுமே.' எண்ணிப் பாருங்கள், சரியாக 12. மூலத்தில் 'எங்கள் பாட்டு உம்மிடம் எழும்பும்' என்ற பொருளில் வரும் வரி. அதில் 'எழும்பும்' என்ற சொல் விழுகிற சுரத்துக்கு மெட்டு கீழே இறங்கி, அங்கிருந்து இரண்டு படி ஏறி வரும். அதே சுரத்தில் தமிழில் விழுவது 'ஏறுமே'யின் 'ஏ'. ஏறுகிற இடத்தில் 'ஏறு' என்ற சொல்! ஏட்டைப் பார்த்து மொழிபெயர்த்தவருக்கு இது அமையாது. மெட்டை முணுமுணுத்துக்கொண்டே எழுதியவருக்குத்தான் அமையும். ஆக, நம் 'தூய தூய தூயா' ஹீபருக்குப் பேரப்பிள்ளை என்றால், டைக்ஸ் அதற்குத் தாய்மாமன்.

இன்னொன்று. மூலத்தில் 'அதிகாலையில் எங்கள் பாட்டு எழும்பும்' என்று இருக்கிறது. சாயங்கால ஆராதனையில் அதைப் பாடும்போது ஆங்கிலச் சபைகளுக்கு நெருடியது. சில புத்தகங்கள் அந்தச் சொல்லை 'நன்றியோடு தொழுது' என்ற பொருளில் மாற்றிக்கொண்டன. தமிழில் முதலிலேயே 'எந்நாளும்' என்று போட்டு அந்த வம்பே இல்லாமல் செய்துவிட்டார். பிறகு 'மூவரான ஏகா'. ஒரு பெரிய சபைச் சண்டையை, 325-க்கு முன்பே தொடங்கி ஓயாத சண்டையை, இரண்டு சொல்லில் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குறையும் உண்டு. கடைசியில் 'தூய திரியேகரே' ஏழு அசை, மெட்டில் இருப்பது ஐந்து இடம். எங்கள் சபையில் 'திரி'யை வாய்க்குள்ளேயே முழுங்கி 'த்ரியேகரே' என்று தள்ளிவிடுவார்கள். கொயர் மாஸ்டர் எத்தனையோ வருடம் திருத்திப் பார்த்தார். சபை ஜெயித்தது.

டைக்ஸின் கதை நல்லபடியாக முடியவில்லை. போதகர் தோளில் போடும் வண்ணப் பட்டைகள், தூபம் என்று பழைய சடங்குகளில் பிடிப்புள்ளவர். டர்ஹம் பேராயர் பேரிங்குக்கு அது ஆகாது. இதையெல்லாம் செய்யமாட்டேன் என்று உறுதி கொடுத்தால்தான் உதவிப் போதகரைத் தருவேன் என்றார் பேராயர். டைக்ஸ் 1874-ல் நீதிமன்றத்துக்குப் போனார், தோற்றார். பெரிய சபையை ஒற்றை ஆளாகப் பார்த்து உடலும் மனமும் உடைந்து, 1876 ஜனவரியில், சசெக்ஸில் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தார். வயது 52. குடும்பத்துக்காகப் பொதுமக்கள் 10,000 பவுண்டு திரட்டினார்கள். அவர் சண்டை போட்ட விஷயங்களைப் பற்றி இன்று இங்கிலாந்தில் யாரும் மூச்சுவிடுவதில்லை, பெரும்பாலான கோயில்களில் வண்ணப் பட்டை இருக்கிறது.

மெட்டுகளுக்கும் கெட்ட காலம் வந்தது. 1906-ல் வந்த 'இங்லிஷ் ஹிம்னல்' புத்தகத்துக்கு இசை ஆசிரியர், இங்கிலாந்து இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ். விக்டோரியா காலத்து மெட்டுகள் அவருக்குக் குமட்டும். நல்ல மெட்டா கெட்ட மெட்டா என்பது இசைப் பிரச்சினையைவிட ஒழுக்கப் பிரச்சினை என்றே முன்னுரையில் எழுதினார். பிடிக்காதவற்றைப் பின்னிணைப்பில் தள்ளினார், அதை 'பயங்கர அறை' என்று கிண்டலாகச் சொல்வார்கள். அந்த மனிதரே நைசீயாவைத் தொடவில்லை. 162-ஆம் எண்ணில் நடுவீட்டில் உட்காரவைத்தார்.

அதைவிட வேடிக்கை ஒருமைவாதச் சபையாருடையது. திரித்துவத்தை ஏற்காதவர்கள், நிசேயாவில் எழுதியதே தப்பு என்பவர்கள். அவர்களுக்கும் இந்த மெட்டை விட மனம் வரவில்லை. மூவரைச் சொல்கிற வரியை மட்டும் எடுத்துவிட்டு 'இருந்தவரும் இருப்பவரும்' என்ற பொருளுள்ள இன்னொரு வரியைப் போட்டுப் பாடினார்கள். மெட்டின் பெயர் தலையில் அப்படியே இருக்கிறது: நைசீயா.

இப்போதைய ஆபத்து கீபோர்டு. டைக்ஸ் எழுதியது ஈ மேஜர் சுருதியில். பல புத்தகங்கள் டி-க்கு இறக்கிவிட்டன. எங்கள் பையன்கள் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டி சி-க்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். எட்டு மணி ஆராதனையில் யார் தொண்டையைத் திறப்பது என்று கேட்டால் என்ன சொல்ல. ஆனால் மேல் ஸட்ஜமத்துக்குக் கொஞ்சம் எக்கவேண்டும், எக்காவிட்டால் 'ஏறுமே' ஏறாது.

சில வருடம் முன்பு திருச்சியில் அத்தை வீட்டுக்குப் போனபோது புனித யோவான் ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாரநாள் மத்தியானம், உள்ளே யாருமில்லை. ஹீபரின் கல் முன்னால் கொஞ்சநேரம் நின்றோம்.

"இவரு இந்த ராகத்துலதான் பாடியிருப்பாரு, என்ன டே?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை. ராகம் போட்டவருக்கு அப்போ மூணு வயசு."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். "அய்ய, பாவம்" என்றார். கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சுருதி எதுவும் பார்க்காமல், முதல் சரணத்தை மெதுவாகப் பாட ஆரம்பித்தார். வாட்ச்மேன் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 'ஏறுமே' நன்றாகவே ஏறியது. கடைசி வரியில் வழக்கம்போல 'திரி'யை முழுங்கினார்.